அச்சகத்தில் ஃபைல்களைப் பாதுகாப்பாக அனுப்ப எந்த மென்பொருள் வாங்கலாம்?

30 பேர் வேலை பார்க்கும் அச்சகம், டிசைன் ஃபைல்கள் வாட்ஸ்அப்பிலும் பென்டிரைவிலும் போய்வருகின்றன, பாதுகாப்பாகவும் வேகமாகவும் அனுப்ப எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சிவகாசியில் ஆஃப்செட் அச்சகங்களுக்கு நெட்வொர்க் வேலை செய்துகொடுப்பவன் நான். மென்பொருளை அப்புறம் பார்க்கலாம். எந்த ஃபைலை யார் திறக்கலாம், வேலை முடிந்ததும் அந்த அனுமதியை யார் எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் போகிற வழியில் யாரும் எட்டிப்பார்க்க முடியாது. ஆனால் ஃபைல் போய் உட்காருவது டிசைனரின் சொந்த போனில். அவர் வேலையை விட்டால் உங்கள் வாடிக்கையாளரின் மாத்திரைப் பெட்டி டிசைனும் அவரோடு போகும். போலி மருந்து விற்பவனுக்கு அந்த ஒரு ஃபைல் போதும். அதோடு, ஆர்ட்வொர்க்கை போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். அவசரத்துக்கு அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

அலுவலகத்துக்குள் ஒரு நாஸ் பெட்டி வையுங்கள், அதாவது எல்லா கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாகத் திறக்கிற பொது டிஸ்க் பெட்டி. ஆளுக்கொரு லாகின். எல்லோருக்கும் ‘அட்மின்’ என்று ஒரே பாஸ்வேர்டு கொடுப்பதாக இருந்தால் அதை வாங்கவே வேண்டாம். டிசைனர் எழுதலாம், பிளேட் (அச்சுத் தகடு) போடுகிறவர் பார்க்க மட்டும் முடியும் என்று வைத்தாலே, புரூஃப் ஓகே ஆன ஃபைலில் யாரோ கைவைத்த சண்டை பாதி குறையும். நாஸை வீட்டிலிருந்தும் பார்க்கலாமே என்று ரவுட்டரில் வழி திறந்துவிடாதீர்கள். 2022இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) தாக்கியது, அப்படி இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளைத்தான். இரவில் ஒரு பேக்கப் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள்.

வேகம் இல்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் மேஜைக்கடியில் தூசியோடு கிடக்கும் கம்ப்யூட்டர்களை இணைக்கும் பழைய 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் சுவிட்ச். அதில் 10 ஜிபி ஃபைல் நகரக் கால்மணி நேரம் ஆகும். கிகாபிட் சுவிட்சும் நல்ல கேபிளும் போட்டால் இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும், டிஸ்க் ஈடுகொடுத்தால். பிளேட் மெஷினோடு வந்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை இல்லாமல் ஓடாது என்பார்கள். 2017இல் வானாகிரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்த வழியில்தான். அந்த மெஷினை மட்டும் தனி நெட்வொர்க்கில் பிரித்து வையுங்கள்.

வெளியே அனுப்ப, கம்பெனிப் பெயரில் வாங்கிய கூகுள் டிரைவோ ஒன்டிரைவோ போதும். ‘லிங்க் உள்ள எவரும்’ என்பதை விட்டுவிட்டு, வாடிக்கையாளரின் மெயில் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். யாராவது எஃப்டிபி என்ற பழைய ஃபைல் அனுப்பும் முறையைக் கேட்டால் அதன் பாதுகாப்பான மாற்றான எஸ்எஃப்டிபி கொடுங்கள், எஃப்டிபியில் பாஸ்வேர்டே மறைவில்லாமல் போகும்.

விலை உயர்ந்த மென்பொருள் காப்பாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஃபைல் அனுப்பவென்றே செய்த மூவ்இட் மென்பொருளில் 2023 மே மாதம் ஒரு ஓட்டையைப் பிடித்து குளாப் என்ற ஹேக்கர் கும்பல் நுழைந்தது. பிபிசி, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர்களின் விவரங்கள்கூடப் போயின. அனுப்பி முடித்த ஃபைலை அங்கேயே விட்டுவைக்காதவர்களிடம் திருட அதிகம் இருந்திருக்காது. அதனால் டெலிவரி ஆன வேலைகளின் பகிர்வை மாதம் ஒருமுறை எடுத்துவிட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பில் போடுகிறவரே சரியான ஆள், எந்த வேலை முடிந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.