புயல் மேல் பழியைப் போட்டேன்

அன்புள்ள அக்கா, இயேசுவுக்கே புகழ்.

எனக்கு வயது 41. ஊர் பாம்பன் பக்கம், பெயர் வேண்டாம். கடல் தொழில்தான். சின்ன வயதிலிருந்து ஒரே தெருவில் வளர்ந்த கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான். அவனும் நானும் பாதிப் பாதி போட்டு இஞ்சினும் நண்டு வலையும் வாங்கி நாட்டுப்படகில் தொழில் செய்தோம். 2019-இல் அவன் பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போனான். "மச்சான், எல்லாத்தையும் நீயே பார்த்துக்கோ, வந்து கணக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எனக்கு அப்போது குடி முற்றியிருந்தது. காலையில் எழுந்ததும் கை நடுங்கும். கடன் வேறு. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்த வாரம், இஞ்சினையும் வலையையும் வெளியூர்க்காரர் ஒருவருக்கு 1,40,000 ரூபாய்க்கு விற்றுவிட்டேன். அவனிடம் போனில், புயலில் கடல் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அழுதேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா அக்கா? "சாமான் போனா போகுது, உன் உசுரு இருக்குல்ல" என்றான். மறுநாள் 5,000 ரூபாய் அனுப்பினான். அதையும் குடித்தேன்.

இதற்கிடையில் அப்பா இறந்தார். அடக்கத்தன்றும் நான் நிதானத்தில் இல்லை, மண் போடும்போது தம்பிதான் என்னைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

2023 தவக்காலத்தில் வீட்டுக்காரி பிடிவாதம் பிடித்து கோயில் தியானக் கூட்டத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஏதோ உடைந்தது. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் செய்தேன். குடி, பொய், திருட்டு என்று பொதுவாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு சொட்டு தொடவில்லை. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, அவன் போனில் சொன்னதே காதில் கேட்கிறது. ஜெபக் கூட்டத்தில் மேலோட்டமாகச் சொன்னால், "ஆண்டவரே மறந்துட்டார், நீ ஏன் தூக்கிச் சுமக்கிறே, பழசை விடு, நீ புதுப் படைப்பு" என்கிறார்கள். விட முடியவில்லையே. என் விசுவாசம்தான் அரைகுறையா?

கூட்டாளி போன வருஷம் ஊர் திரும்பிவிட்டான். இப்போது அவனுக்கு ரெண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு இன்னும் மூன்று வாரம். என்னைத்தான் ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்கிறான். "குடியை விட்டு எப்படி நிமிர்ந்துட்டே, உன்னை விட்டா யாரு" என்கிறான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

- பாம்பன் வாசகர்

தம்பி,

உங்கள் விசுவாசம் அரைகுறை என்று எனக்குத் தோன்றவில்லை. அது ஒழுங்காக வேலை செய்வதால்தான் தூக்கம் கெடுகிறது என்றுகூடச் சொல்வேன். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் நன்றாகத்தானே தூங்கினீர்கள்?

முதலில் இந்த 'மறந்துவிடு' என்பதைப் பார்ப்போம். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்று ஆட்களை உட்கார வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அமுக்க அமுக்க நினைப்பு மேலே வரும், மிதவையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிப்பது மாதிரி. கூட்டத்தில் உள்ளவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அந்த அறிவுரை உங்களை இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிற அறிவுரை.

அவர்கள் வேதத்தைக் காட்டுவார்கள். பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதம் மூன்றாம் அதிகாரத்தில், கடந்ததை மறந்து முன்னிருப்பதை நோக்கி ஓடுகிறேன் என்கிறார், உண்மைதான். நான் வேதம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை, பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள், அவ்வளவுதான். ஆனாலும் அதே அதிகாரத்தைச் சற்று மேலே போய் வாசித்துப் பாருங்கள். அவர் குப்பை என்று ஒதுக்கும் பட்டியலில் பெரும்பாலும் இருப்பது அவருடைய பெருமைகள்: நல்ல குலம், பரிசேயர், சட்டத்தில் குற்றமற்றவர் என்ற பேர். தான் செய்த கொடுமையை அவர் மறக்கவே இல்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது, திருச்சபையைத் துன்புறுத்திய நான் திருத்தூதர் என்று அழைக்கப்படவே தகுதியற்றவன் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். புதுப் படைப்பு என்ற வார்த்தையை எழுதியவரும் அவரேதான்.

உங்களுக்கு இன்னும் பக்கத்தில் இருப்பவர் பேதுரு, அவரும் வலைக்காரர். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, மூன்று முறை 'அந்த ஆளைத் தெரியாது' என்று அவர் சொன்னது எங்கே? தலைமைக் குருவின் முற்றத்தில், குளிருக்குக் கரி நெருப்பு மூட்டிக் காய்ந்துகொண்டிருந்த இடத்தில். உயிர்த்த பிறகு இயேசு அவரை எங்கே சந்திக்கிறார்? கடற்கரையில். ராத்திரி முழுக்க ஒரு மீன்கூடப் படாமல் விடியக்காலம் கரைக்கு வருகிறார்கள், அங்கே கரி நெருப்பும் அதன்மேல் மீனும் இருக்கிறது. யோவான் நற்செய்தியில் 18-ஆம் அதிகாரத்தில் ஒரு கரி நெருப்பு, 21-இல் இன்னொன்று. அந்தக் கங்கு வாசனை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு வயிறு கலங்கியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். இயேசு முதலில் சாப்பாடு போடுகிறார், அப்புறம் மூன்று முறை கேட்கிறார், 'என்மேல் அன்பு இருக்கிறதா' என்று. மூன்றாவது முறை பேதுருவுக்கு மனம் வருந்தியது என்று எழுதியிருக்கிறது. வலித்தாலும் அந்தப் பேச்சை இயேசு தள்ளிப் போடவில்லை.

இப்போது உங்கள் உறுத்தலை இரண்டாகப் பிரிக்க வேண்டும், நீங்கள் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

அப்பா விஷயம் ஒன்று. அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அவரிடம் சொல்ல நினைத்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள், எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது எடுத்துப்போய் அவர் தலைமாட்டில் வாசியுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அன்று பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தானே. அந்தத் துக்கம் மெதுவாகத்தான் ஆறும்.

கூட்டாளி விஷயம் வேறு. அது கடன், உயிரோடு இருக்கிற ஆளுக்கு உள்ள கடன். 'நான் செய்தது தப்பு' என்ற எண்ணம் மனிதனைச் சரிசெய்யப் போகச் சொல்லும், 'நானே ஒரு தப்பு' என்ற எண்ணம் ஒளியச் சொல்லும். நீங்கள் முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் போய் விழுந்துவிட்டீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையும் இதில் தெளிவு: பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அப்படியே நிற்கும். 'பொதுவாகத்தான் சொன்னேன்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மறுபடியும் சாமியாரிடம் போய் இஞ்சின், வலை, புயல், 5,000 ரூபாய் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

மன்னிப்பை விலை கொடுத்து வாங்குவதாக இதை எண்ண வேண்டாம். வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயு நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று சொன்னது, இயேசு 'உன் வீட்டில் தங்க வேண்டும்' என்று கூப்பிட்ட பிறகுதான். உங்களையும் தியானத்தில் கூப்பிட்டாயிற்று. அடுத்தது உங்கள் முறை.

எப்படிச் சொல்வது? முதலில் மனைவியிடம், ஏனென்றால் திரும்பப் போகும் பணம் அந்த வீட்டுப் பணம். அப்புறம் கூட்டாளியைத் தனியாகப் பாருங்கள், பிள்ளை பெற்ற வீட்டில் வேண்டாம், கோயில் வாசலில் வேண்டவே வேண்டாம். தொழில் முடிந்து கரையில் உட்காரும் நேரம் நல்லது. சுற்றி வளைக்காமல் நாலே வாக்கியம்: புயல் எடுக்கவில்லை, நான் விற்றேன், இவ்வளவுக்கு, குடித்தேன். 'குடி செய்த வேலை' என்று ஆரம்பிக்காதீர்கள், பாதியில் அவர் உங்களுக்கே ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அவர் குணம் அப்படி என்று தெரிகிறது. உங்கள் கணக்கில் அவருக்கு 70,000, அதோடு அந்த 5,000. வாங்கிய விலைக்குக் கணக்குப் போடச் சொன்னால் அதற்கும் சரி என்று சொல்லுங்கள். கையில் இருப்பதை அன்றே கொடுங்கள், அது 3,000 என்றாலும் பரவாயில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிற 61 நாளில் உங்கள் மீனுக்கு விலை கிடைக்கும், அதில் இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்.

'மன்னிச்சிட்டேன்னு சொல்லு' என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் அடிக்கலாம், ஊரைக் கூட்டலாம், ஒன்றும் பேசாமல் எழுந்து போகலாம். நீங்கள் நாலு வருஷமாகச் சுமந்ததை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார். அந்த ராத்திரி உங்களுக்கு ஆபத்தான ராத்திரி, பழைய கால் பழைய கடைக்கே போகும். தம்பி வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள். தூக்கமின்மை தொடர்ந்தாலோ, வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

ஞானத்தகப்பனாக நிற்கிறவரிடம் சாமியார், சாத்தானையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறாயா என்று கேட்பார். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'விட்டுவிடுகிறேன்' என்று சொல்ல வேண்டும். கூட்டாளி பக்கத்திலேயே நிற்பார். அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது என்று தெரிந்துதான் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இந்த வாரமே போங்கள். கடைசி வாரம் வரை இழுத்தால், உங்களை வேண்டாம் என்று அவர் முடிவு செய்தாலும் வேறு ஆள் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.

- அக்கா