500 மீட்டரில் இருந்த கலம் ஏன் விலகிப் போகிறது?

தம்பி, காரைக்குடி கல்லூரிக் கண்காட்சிக்கு நீங்கள் எழுதிய சிமுலேஷனில், விண்வெளி நிலையத்துக்கு 500 மீட்டர் பின்னால் அதே சுற்றுப்பாதையில் இருக்கும் விண்கலத்தை வினாடிக்கு 1 மீட்டர் முன்னோக்கி உந்தினால், நெருங்குவது போல வந்துவிட்டு மேலேறிப் பின்தங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். நிரல் சரியாகத்தான் ஓடுகிறது. தேவகோட்டை ரோட்டில் முன்னால் போகும் பஸ்ஸைப் பிடிக்க முறுக்குவதுபோல இங்கே முறுக்கக் கூடாது. வேகம் கூடினால் பாதை உயரும், சுற்று நேரம் நீளும். 400 கிலோமீட்டர் உயரத்தில் அந்த 1 மீட்டரே ஒரு சுற்றில் கலத்தைச் சுமார் 17 கிலோமீட்டர் பின்தள்ளிவிடும்.

பூமியை நோக்கி வினாடிக்கு 7 சென்டிமீட்டர் மட்டும் உந்திப் பாருங்கள். கலம் சற்றுத் தாழ்ந்து முன்னேறி, அரைச் சுற்றில், அதாவது 46 நிமிடத்தில், 250 மீட்டருக்கு வந்துவிடும். அங்கே அதே அளவு மறுபடி கீழ்நோக்கி உந்தினால் நின்றுவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: அந்த இரண்டாவது உந்துதல் நடக்காமலே போனாலும் மோதல் கிடையாது, கலம் தானாகவே 500 மீட்டருக்குத் திரும்பிவிடும். உள்ளே ஆட்கள் இருக்கிறார்களே!

சர்வதேச விண்வெளி நிலையத்தைச் சுற்றி 200 மீட்டர் ஆரத்துக்கு ஒரு காப்புக்கோளம் உண்டு, அனுமதியின்றி நுழைய முடியாது. ஆகவே 250-ல் நிறுத்தி, சென்சார்களைச் சரிபார்த்து, அப்புறம் நேர்கோட்டில் மெல்ல வரவிடுங்கள். விண்ணில் இரண்டு கலங்களை இணைத்துப் பார்த்த இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸும் 2025 ஜனவரி 16 அன்று 15 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு வந்து நின்றுதான் இணைந்தது.

நேர்கோட்டில் வரும்போது கலம் மேலே நழுவப் பார்க்கும். கீழ்நோக்கிச் சிறு சிறு உந்துதல்களைச் சேர்த்து ஓட்டி, வரைபடத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.