மண்வெட்டியில் தொடங்கிய பள்ளி

கேள்வி: என் மகள் இந்த வருடம், பரீட்சை எழுதித் தேறினால்தான் இடம் கிடைக்கும் ஜேம்ஸ் ரூஸ் பள்ளியில் 7ஆம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். பண்ணைப் பாடம் உள்ள நாளில் சப்பாத்தெல்லாம் மண்ணோடு, சிரித்துக்கொண்டு வருவாள். அவளுடைய அப்பாவுக்கு அதைக் கண்டாலே கோபம். "உரும்பிராயில அப்பா மண்வெட்டி பிடிச்சது காணாதோ? மண் கிண்டவோ ரியூசனுக்குக் காசு கட்டினனான்?" என்கிறார். வீட்டில் இருக்கும் மாமா அதைக் கேட்டும் கேட்காததுபோல் இருக்கிறார். விவசாயப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்கலாமா?
– ஒரு வாசகி, சிட்னி

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

கேட்க வேண்டாம். 7 முதல் 10ஆம் வகுப்புவரை அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் விவசாயம் கட்டாயப் பாடம். அது அந்தப் பள்ளியின் வேர். 1959இல் கார்லிங்ஃபோர்டில் ஆண் பிள்ளைகளுக்கான விவசாயப் பள்ளியாகத்தான் அதைத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் பழத்தோட்டங்களுக்குப் பெயர்போனது. கிரானி ஸ்மித் என்ற பச்சை அப்பிள் பிறந்ததும் பக்கத்து ஈஸ்ட்வூட்டில்தான். 1977இல் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். சுற்றியிருந்த தோட்டங்கள் வீடுகளாகிவிட்டன, பள்ளிப் பண்ணை மட்டும் அப்படியே நிலைத்திருக்கிறது.

உங்கள் கணவரிடம் அந்த ஜேம்ஸ் ரூஸ் யாரென்று சொல்லுங்கள். இங்கிலாந்தின் கோர்ன்வாலைச் சேர்ந்த கைதி அவர். பிரிட்டன் இங்கே கைதிகளைக் குடியேற்ற அனுப்பிய முதல் கப்பல் தொகுதியில் 1788இல் கொண்டுவரப்பட்டார். குடியேற்றம் பட்டினியில் தவித்த நேரம், ஒரு குடும்பம் தன் உழைப்பில் தன் சோற்றை விளைவிக்க முடியுமா என்று பார்க்க, ஆளுநர் பிலிப் பரமட்டாவில் அவருக்கு நிலம் கொடுத்தார். (பூர்வகுடிகளான தாருக் மக்களின் நிலம் அது. அதையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.) ரூஸிடம் கலப்பை இல்லை. விழுந்த மரங்களை எரித்து, சாம்பலை மண்ணுக்குள் புதைத்து, கொத்திக் கொத்தியே கோதுமை விதைத்தார். 1791இல் 30 ஏக்கர் அவருக்குச் சொந்தமானது. உரும்பிராயில் உங்கள் மாமா பிடித்ததும் அவர் பிடித்ததும் ஒரே ஆயுதம்தான்.

இனி, ரியூசன் காசு. 12ஆம் வகுப்பு முடிவில் எழுதும் எச்.எஸ்.சி. பரீட்சையின் பள்ளிப் பட்டியலில் 1996 முதல் 2022 வரை 27 வருடம் அந்தப் பள்ளிதான் முதலிடம். 2023இல் நோர்த் சிட்னி ஆண்கள் பள்ளி முந்தியது, நம் வீடுகளில் அதுவே பெரிய பேச்சாக இருந்தது. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மாநிலம் முழுவதும் பரீட்சை வைத்து, ஏறத்தாழ 120 பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து ஒன்றாக இருத்தினால், நல்ல பெறுபேறு வராமல் வேறென்ன வரும்? அந்தப் பெயரில் பெரும்பங்கு பிள்ளைகள் கொண்டுபோனது. பள்ளி தன் பங்குக்கு என்ன கொடுக்கிறது என்று கேட்டால் நான் அந்தப் பண்ணையைத்தான் காட்டுவேன்.

அங்கே அவள் செய்வது வெறும் மண் கிண்டல் என்று அவர் நினைப்பதுதான் பிழை. ஒரு பாத்திக்குப் பசளை போட்டு, பக்கத்துப் பாத்தியைப் போடாமல் விட்டு, இரண்டையும் அளந்து ஒப்பிடுவது முழு விஞ்ஞானம். பயிற்சிப் புத்தகத்தில் விடை பின்பக்கத்தில் இருக்கும். பாத்தியில் பயிர் வளரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், சிலவேளை பட்டும் போகும். ரியூசனிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மாமாவைப் பற்றிய அந்த ஒரு வரி. மகன் வெட்கப்படுவது தன் வாழ்நாள் தொழிலைப் பார்த்து என்று அவருக்கு விளங்காமல் இருக்குமா? வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்வளவில் இரண்டடி நிலம் ஒதுக்கிக் கொடுங்கள். வெங்காயத்துக்கு எப்படிப் பாத்தி கட்டுவது, வாய்க்காலில் தண்ணீரை எப்படித் திருப்புவது என்று பேத்தி அவரிடம் கேட்கட்டும். உங்கள் கணவரையும் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருத்துங்கள்.