காய்த்துக் குலுங்கும் காந்தாரி மிளகாய்: சமைப்பதும் சேமிப்பதும்

மாடித் தோட்டத்தில் வைத்த காந்தாரிச் செடி கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது என்றும், வழக்கமாகப் போடும் பச்சை மிளகாயின் எண்ணிக்கையிலேயே இதைச் சாம்பாரில் போட்டதில் வீட்டில் யாராலும் வாயில் வைக்க முடியவில்லை என்றும் கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இதை எப்படிப் பயன்படுத்துவது, எப்படிச் சேமிப்பது, கொழுப்பைக் குறைக்கும் என்பது உண்மையா என்பவை அவருடைய கேள்விகள்.

1912இல் வில்பர் ஸ்கோவில் வகுத்த அளவுகோலின்படி மெக்சிகோவின் ஹாலப்பீனோ மிளகாய் 2,500 முதல் 8,000 அலகு வரை காரம் கொண்டது. காந்தாரி போன்ற ஊசி மிளகாய் வகைகளுக்கோ 50,000 முதல் 1,00,000 வரை சொல்லப்படுகிறது. காரத்தைத் தரும் கேப்சைசின் விதையில் உருவாவதில்லை. விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறச் சதையில்தான் உருவாகிறது. பெரிய மிளகாயில் அந்தச் சதையைச் சுரண்டி எடுத்துக் காரத்தைக் குறைக்கலாம். ஓர் அங்குலம்கூட இல்லாத காந்தாரியில் அதற்கு வழியில்லை.

சாம்பாரில் நேர்ந்ததற்கு எண்ணிக்கை மட்டும் காரணமன்று. நீண்ட நேரம் கொதித்தால் காந்தாரியின் பச்சை மணம் மங்கிவிடுகிறது. கேப்சைசினோ சமையல் சூட்டில் எளிதில் சிதைவதில்லை என்பதால் காரம் அப்படியே நின்றுவிடுகிறது. ஆகவே, இதைக் கொதிக்கும் குழம்புக்குப் பயன்படுத்துவதைவிட, பச்சையாக நசுக்கிச் சேர்க்கும் உணவுகளுக்குப் பயன்படுத்துவதே சிறந்தது என்பேன். குழம்பில் போட்டே ஆகவேண்டுமென்றால், காம்போடு முழுதாக ஒன்றிரண்டு காய்களை இறக்கும் தறுவாயில் போட்டு, பரிமாறுமுன் எடுத்துவிடுங்கள்.

கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அவித்த மரவள்ளிக் கிழங்குக்குக் காந்தாரிச் சம்மந்தி என்னும் துவையலைத் தொட்டுக்கொள்வார்கள். நான்கு பேருக்கு ஆறேழு காந்தாரி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், கல் உப்பு ஆகியவற்றை அம்மியிலோ இடிகல்லிலோ ஒன்றிரண்டாக நசுக்கி, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பிசைய வேண்டும். மிக்ஸியில் விழுதாக அரைத்தால் வெங்காயம் நீர்விட்டுச் சுவை கெடும். எண்ணெயில் கேப்சைசின் கரைவதால் காரம் ஓரிடத்தில் குத்தாமல் பரவி நிற்கிறது. (கிழங்கு அவித்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.) இஞ்சி, கறிவேப்பிலையோடு ஒரே ஒரு காயைத் தட்டிப் போட்ட நீர்மோரும் மிக நன்றாக இருக்கும்.

சேமிப்பதற்கு எனக்குப் பிடித்தது மோர் மிளகாய் முறை. காய் மிகச் சிறியது என்பதால் கீறாமல், காம்போரத்தில் ஊசியால் ஒரு துளையிட்டு, உப்புக் கலந்த புளித்த கெட்டித் தயிரில் இரவு முழுக்க ஊறவிட்டுப் பகலில் வெயிலில் காயவைக்க வேண்டும். மாலையில் மீண்டும் அதே தயிரில் போட்டு, தயிர் முழுவதும் காயில் ஏறும்வரை இப்படியே தொடர வேண்டும். வற்றலாகச் சுக்காய்க் காய்ந்தபின் காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, வேண்டும்போது பொரித்துக்கொள்ளலாம். உப்பும் வினிகரும் சேர்த்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊறவைப்பதும் எளிது. பச்சைக் காயை வெறும் எண்ணெயில் மூழ்கவைத்து வெளியில் வைப்பதை மட்டும் தவிருங்கள். காற்றில்லாத அச்சூழலில் நச்சுக் கிருமி வளர இடமுண்டு.

கொழுப்பைப் பொறுத்தவரை, மருந்துக்கு மாற்றாகக் கொள்ளத்தக்க அளவுக்குக் காந்தாரியைப் பற்றி மனிதர்களிடம் உறுதிப்பட்ட சான்று இல்லை. சிலர் செய்வதுபோல வெறும் வயிற்றில் பச்சையாக விழுங்குவது வயிற்றெரிச்சலைத்தான் கூட்டும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் அதை அறவே விட்டுவிட வேண்டும். நசுக்கிய கை எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய் எரிந்தால் தண்ணீர் பயன்படாது. பாலோ தயிரோ குடியுங்கள்.