மனநோய்க்கு மருந்து சாப்பிடும் என் தம்பி மேல் வழக்கு. டாக்டர் சீட்டைக் காட்டினால் வழக்கு முடிந்துவிடுமா?

முடியாதுங்க அக்கா. கோபியில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். தாராபுரம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறில் உங்கள் தம்பி பங்காளியை வெட்டியதாக வழக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் உண்டு, ஊரில் எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். வெட்டிய நேரத்தில் தான் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரிந்ததா என்பது ஒன்று. அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சங்ஹிதாவின் 22ஆம் பிரிவு, பழைய இ.பி.கோ. 84. அதை விசாரணையில் நம் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். இன்றைக்குக் கூண்டில் நிற்கிற ஆளால் தன் தரப்பை எடுத்துச் சொல்ல முடியுமா என்பது வேறு. சீட்டு பேசுவது இரண்டாவதைப் பற்றி, அதையும் முழுசாகச் சொல்லாது.

இந்த இரண்டாவது கேள்வியை எப்படிப் பார்க்கிறார்கள்? 2024 ஜூலை 1 முதல், குற்ற வழக்கு நடத்தும் முறையைச் சொல்லும் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சங்ஹிதாவின் 367, 368 பிரிவுகள்தான் இதற்கு வழி. சந்தேகம் வந்தால் நீதிபதி அரசு மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அந்த அறிக்கை பிடிக்காவிட்டால் மருத்துவக் குழுவுக்கு மேல்முறையீடு உண்டு. ஆனால் கடைசி முடிவு நீதிபதியுடையது.

நோயின் பெயர் இங்கே பெரிதில்லை. காதில் குரல் கேட்கிற ஒருவர் மாத்திரை தவறாமல் போட்டுக்கொண்டு, "சாட்சி சொல்ற அந்த ஆளு அன்னைக்கு ஊர்லயே இல்ல" என்று வக்கீலிடம் தெளிவாகச் சொல்லலாம். அவர் வழக்கு நடக்கும். இன்னொருவர் தேதி, கிழமை, முதலமைச்சர் பெயர் எல்லாம் சரியாகச் சொல்வார். ஆனால் தன் வக்கீலே பங்காளி அனுப்பிய ஆள் என்று நம்பி வாயே திறக்க மாட்டார். சித்த சுவாதீனம் இருக்கிறமாதிரி தெரிந்தாலும் அவரால் வழக்காட முடியாது. குற்றச்சாட்டு புரிகிறதா, நீதிபதி யார் என்று தெரிகிறதா, வக்கீலுக்கு விவரம் தர முடிகிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும்.

தகுதி இல்லை என்றால் விசாரணை தள்ளிப்போகும், அவ்வளவுதான். குணமானதும் மறுபடி தொடங்கும். அதனால் இதைத் தப்பிக்கும் வழியாக நினைக்காதீர்கள். அசாமில் மச்சாங் லாலுங் என்பவரை 1951-இல் பிடித்தார்கள். விசாரணையே இல்லாமல் 54 வருடம் காவலில் இருந்துவிட்டு 2005-இல்தான் வெளியே வந்தார். வழக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் வக்கீலிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். தம்பியால் தன் தரப்பைச் சொல்ல முடியாது என்று முடிவானால், 368-இன்படி நீதிபதி போலீஸ் தரப்பு ஆவணங்களைப் படித்து, வக்கீல் வாதத்தையும் கேட்டுவிட்டு, முகாந்திரமே இல்லையென்றால் விடுவிக்கலாம். சண்டையில் யார் முதலில் கை வைத்தார்கள் என்பது வேறு, அதெல்லாம் அங்கே எடுபடாது. அடுத்தது ஜாமீன். உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லை என்றால், ஜாமீன் கிடைக்காத குற்றமாக இருந்தாலும் 369-இன் கீழ் விடலாம். ஆனால் ஒரு உறவினர், தவறாமல் சிகிச்சைக்குக் கூட்டிப்போவேன், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்று உறுதி எழுதித்தர வேண்டும். வயதான அம்மா பெயரைக் கொடுக்காதீர்கள். திருப்பூரில் இருக்கிற நீங்களே எழுதிக்கொடுத்து, அரசு மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கி மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.