முடிவு யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

லாஃபிட் பின்காய் குதிரைப் பந்தயத்திலிருந்து விலகியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த குறிப்பை வாசித்தேன். 9,530 வெற்றிகள் பெற்ற ஜாக்கி (பந்தயக் குதிரையை ஓட்டுபவர்) ஒருவர், கீழே விழுந்து கழுத்து முள்ளெலும்பு முறிந்து, மருத்துவர்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு 56 வயதில் ஓய்வு பெற்றதைப் பெருமதிப்போடு எழுதியிருந்தீர்கள். அந்த மதிப்பில் பாதிதான் எனக்கு உடன்பாடு.

டோனி மெக்காயைப் பாருங்கள். பிரிட்டனின் தடை தாண்டும் பந்தயங்களில் 20 ஆண்டுகள் தொடர்ந்து சாம்பியன் ஜாக்கி. அந்தப் பட்டம் கையில் இருக்கும்போதே, தானே நாள் குறித்து, 2015இல் விடைபெற்றார். பின்காய் விழும்வரை காத்திருந்தார். 56 வயதிலும் குதிரையேறியதைப் பற்று என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு அது விட மனமில்லாத பேராசையாகத் தெரிகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அவர் மீண்டும் ஏறவே விரும்பினார் என்றால், தடுக்க மருத்துவர்களுக்கு என்ன உரிமை? உடல் அவருடையது, ஆபத்தும் அவர் அறிந்தது. முடிவும் அவருடையதாக இருந்திருக்க வேண்டாமா?

எம்.

அன்புள்ள எம்.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் பெரியது. வேண்டாம் என்பதே என் பதில். காயம்பட்ட ஜாக்கி மறுபடியும் குதிரையேறலாமா என்ற முடிவை அவர் கையில் விடக்கூடாது. தனிமனிதரின் உரிமையில் எனக்கு அக்கறையில்லாததால் இதைச் சொல்லவில்லை. அந்தத் தொழில் ஒரு மனிதரை எப்படி உருவாக்குகிறது என்பதைப் பார்த்தால், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் சரியான பதில் சொல்ல அவரால் முடியாது என்று புரியும்.

பின்காய்க்கு நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2003 மார்ச் 1 அன்று, கலிபோர்னியாவின் சான்டா அனிடா பந்தயத் திடலில், ஓட்டத்தின் நடுவே இன்னொரு குதிரை அவருடைய பாதையில் குறுக்கிட்டது. அவருடைய குதிரை இடறியது, அவர் தூக்கியெறியப்பட்டார். முதலில் எடுத்த எக்ஸ்ரே படங்களில் முறிவு பிடிபடவில்லை. வலிதான், தசைப்பிடிப்புதான் என்று நினைத்து, முறிந்த கழுத்தோடு சில நாட்கள் நடமாடியிருக்கிறார். வலி குறையவில்லை என்று மறுபடி சோதித்தபோதுதான் உண்மை தெரிந்தது. தலையைச் சுற்றி ஓர் உலோக வளையத்தை வைத்து, அதை மண்டையோட்டோடு திருகாணிகளால் இறுக்கிக் கழுத்தை அசையவிடாமல் நிறுத்தினார்கள். அந்த வளையத்துக்குள் இருந்தபோதும் திரும்பி வருவதைப் பற்றித்தான் அவர் யோசித்தார். இன்னொரு முறை விழுந்தால் உடல் செயலிழக்கலாம், உயிரே போகலாம் என்று மருத்துவர்கள் திட்டவட்டமாகச் சொன்ன பிறகு, ஏப்ரல் இறுதியில் ஓய்வை அறிவித்தார்.

முறிந்த கழுத்தோடு நடமாடிய அந்த நாட்களை வீரம் என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. வழக்கமான வலியிலிருந்து உயிருக்கு ஆபத்தான வலியைப் பிரித்தறியும் திறனையே அவர் உடல் இழந்திருந்தது. 40 ஆண்டுப் பயிற்சி அந்தத் திறனைத் தேய்த்துவிட்டிருந்தது.

ஒரு ஜாக்கியின் முதல் பயிற்சி உடலின் பேச்சைக் கேட்காமலிருப்பது. தடைகள் இல்லாத சமதளப் பந்தயங்களில் சேணத்தையும் சேர்த்து அவர் சுமத்தக்கூடிய எடை பெரும்பாலும் 50 கிலோவிலிருந்து 57 கிலோவுக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவின் கென்டகி டெர்பி பந்தயத்தில் ஆண் குதிரை சுமக்கும் எடை 126 பவுண்டு, அதாவது சுமார் 57 கிலோ. பந்தயத்துக்கு முன்னும் பின்னும் எடை மேடையில் ஏறியாக வேண்டும். பின்காய் இயல்பிலேயே தசைக்கட்டு மிகுந்தவர். அவருடைய உடல் கேட்ட எடை ஒன்று, தொழில் அனுமதித்த எடை வேறு. விமானப் பயணத்தில் ஒரு வேர்க்கடலையை இரண்டாகப் பிளந்து, பாதியைச் சாப்பிட்டுவிட்டு மறுபாதியைப் பிறகு வேண்டும் என்று எடுத்துவைத்தார் என்பது பந்தய உலகில் எல்லோரும் சொல்லும் கதை. மெக்காயும் நெடிய உடல்வாகு கொண்டவர்தான். எடையைக் குறைக்கச் சுடுநீரில் மூழ்கிக் கிடப்பது அவருடைய அன்றாட வழக்கம். பிரிட்டனின் புகழ்பெற்ற ஜாக்கி லெஸ்டர் பிகாட் தன் இயல்பான எடைக்கு வெகுவாகக் கீழேயே தன் காலம் முழுவதும் வாழ்ந்தார். பசித்தால் கவனிக்காதே, தாகமெடுத்தால் கவனிக்காதே, தலை சுற்றினால் கவனிக்காதே. பதினாறு பதினேழு வயதிலிருந்து இப்படியே பழக்கப்பட்ட ஒருவரிடம், ஒரு நாள் திடீரென்று, 'உன் உடல் என்ன சொல்கிறது, கேட்டுச் சொல்' என்றால் அவர் என்ன செய்வார்? ஏறலாம் என்றுதான் சொல்வார். பொய் சொல்ல வேண்டும் என்பது அவர் நோக்கமாக இருக்காது. அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் கேட்கும்.

இதோடு வருமானமும் பிணைந்திருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கும் ஜாக்கிகள் குறைவு. ஒரு சவாரிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை, வென்றால் பரிசுப் பணத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் வெற்றிக்கான பங்கு வழக்கமாகப் பத்து விழுக்காடு. ஏறாத நாளுக்குக் கூலி இல்லை. நீங்கள் படுக்கையில் இருக்கும் வாரத்தில் உங்கள் குதிரையில் இன்னொருவர் ஏறுவார். அவர் வென்றுவிட்டால் உரிமையாளரும் பயிற்சியாளரும் அவரையே வைத்துக்கொள்வார்கள். நல்ல குதிரை ஒன்றை அப்படி இழந்தவர்களுக்கு அது திரும்பக் கிடைப்பது அரிது. அதனால்தான் விலா எலும்பு முறிந்ததை மறைத்து ஏறுகிறார்கள், தலையில் அடிபட்டதைச் சொல்லாமல் ஏறுகிறார்கள். தலைக்காயம் இன்னும் கொடியது. முடிவெடுக்க வேண்டிய உறுப்பே அங்கே அடிபட்டிருக்கிறது. பிரிட்டனில் இப்போது ஜாக்கிகள் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே அவர்களுடைய நினைவாற்றலையும் எதிர்வினை வேகத்தையும் சோதித்துப் பதிந்து வைக்கிறார்கள். அடிபட்ட பின் மறுபடி சோதித்து, பழைய அளவோடு ஒப்பிட்டு, மருத்துவர் ஒப்புதல் தந்தால்தான் குதிரையேறலாம். நீங்கள் கேட்ட உரிமையை அவர்கள் ஜாக்கியிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம் என்று நான் முழுமனதோடு சொல்கிறேன்.

இப்போது மெக்காய். அவர் விடைபெற்ற விதம் அழகானது, மறுக்கவில்லை. தடை தாண்டும் பந்தயங்களில் 4,300க்கும் மேற்பட்ட வெற்றிகள். ஆனால் அதை விவேகம் என்றும் பின்காயின் முடிவை விவேகமின்மை என்றும் நீங்கள் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2008 ஜனவரியில் மெக்காய் விழுந்து முதுகு முள்ளெலும்புகள் முறிந்தன. மார்ச் மாதத்து செல்டனம் பந்தய விழாவுக்குள் திரும்பிவிட வேண்டும் என்று, பூஜ்ஜியத்துக்குக் கீழே 100 டிகிரியையும் தாண்டிய குளிரறைக்குள் நின்று சிகிச்சை பெற்றார். திரும்பியும் விட்டார். அந்த மார்ச்சில் இன்னொரு முறை முதுகு தரையில் மோதியிருந்தால், 2015இன் விடைபெறும் விழாவைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அவர் தானே நாள் குறித்தார் என்பது உண்மை. அந்த நாள்வரை அவருடைய முதுகுத்தண்டு தாங்கியது என்பதும் அதே அளவு உண்மை. இரண்டாவது உண்மை அவர் கையில் இல்லாதது.

பிகாட்டின் கதையும் இப்படியே சொல்லப்படுகிறது. 1981 ஏப்ரலில், எப்சம் திடலில், பந்தயம் தொடங்குமுன் அவருடைய குதிரை புறப்பாட்டுக் கூண்டின் அடியில் நுழைந்து அவரையும் இழுத்துச் சென்றது. காது ஏறக்குறைய அறுந்துவிட்டது. தைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில் ஏறி, ஆயிரம் கினி பந்தயத்தை வென்றார். எல்லோரும் வியந்தார்கள். நானும் அவருடைய திறமையை வியக்கிறேன். ஆனால் காயம்பட்டவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அதை ஓர் அளவுகோலாக்கிவிட்டோம். அடுத்த தலைமுறைச் சிறுவன் அந்த அளவுகோலோடுதான் பயிற்சி லாயத்துக்கு வருகிறான்.

நாளைத் தானே குறித்துவிட்டால் காப்பாற்றப்பட்டுவிடலாம் என்பதும் சரியல்ல. அமெரிக்க ஜாக்கி பில் ஷூமேக்கர் 8,833 வெற்றிகளோடு, 1990இல், ஊர் ஊராகச் சென்று விடைபெற்றுக்கொண்டு ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. பிறகும் சில ஆண்டுகள் சக்கர நாற்காலியிலிருந்தே குதிரைகளுக்குப் பயிற்சியளித்தார். 1999 டிசம்பர் 10 அன்று, ஹாலிவுட் பார்க்கில், அவருடைய சாதனையைப் பின்காய் கடந்தபோது, பக்கத்தில் இருந்து வாழ்த்தியவர் அவர்தான். கிரஹாம் லீயை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் புகழ்பெற்ற தடை தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலை வென்ற பின், விழும் வாய்ப்பு குறைந்த சமதளப் பந்தயத்துக்கு மாறியவர். 2023 நவம்பரில் நியூகாசிலில் கூண்டிலிருந்து குதிரை வெளியே வந்த கணத்திலேயே விழுந்தார். கழுத்துத் தண்டுவடம் சிதைந்தது. எந்தத் தடையையும் அவர் அன்று தாண்டவில்லை. சமதளத்தில் விழுவது அரிது, ஆனால் விழுந்தால் வேகத்தால் அடி பலமாக விழுகிறது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு அவர் சாட்சியாகிவிட்டார்.

பேராசை என்ற சொல்லுக்கு வருகிறேன். அது என்னை உண்மையாகவே வருத்தியது. இந்தக் கலையில் வயது வெறும் தேய்மானம் அல்ல. 1986இல் ஃபெர்டினாண்ட் என்ற குதிரை மீது கென்டகி டெர்பியை வென்றபோது ஷூமேக்கருக்கு 54 வயது. ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகளுக்குப் பின் திரும்பிவந்து, 1990இல் ராயல் அகாடமி மீது பிரீடர்ஸ் கப் மைல் பந்தயத்தை வென்ற பிகாட்டுக்கும் அதே வயது. வேகத்தைத் தலைக்குள்ளேயே அளந்து, எந்தக் குதிரை எப்போது களைக்கும், எந்த இடைவெளி திறக்கும், எது மூடும் என்று கணிப்பது பல ஆயிரம் சவாரிகளில் மெல்ல மெல்ல ஊறுவது. இளைஞனிடம் அது இருக்காது.

ஆனால் அந்தக் கணிப்பைச் செயல்படுத்த உடல் வேண்டும். ஜாக்கி சேணத்தில் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. சிறிய அங்கவடிகளில் (சேணத்தில் தொங்கும் கால்வளையங்களில்) கால்விரல்களின் அடிப்பகுதியை ஊன்றி, முழங்கால்களை மடக்கி, முதுகைத் தரைக்கு இணையாகத் தாழ்த்தி, அந்தரத்தில் நிற்கிறார். குதிரை மேலும் கீழும் எகிறும்போது கால்களும் இடுப்பும் அந்த அசைவை வாங்கிக்கொள்வதால், அவருடைய எடையை ஒவ்வொரு எட்டிலும் குதிரை தூக்கிப் போட வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த நிலை பரவியபோது பந்தய நேரங்கள் 5 முதல் 7 விழுக்காடு குறைந்தன என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 500 கிலோ எடையுள்ள விலங்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட, அதன் மேல் ஒரு மனிதர் வில்லைப் போல வளைந்து நிற்கிறார். கழுத்தோ முதுகோ கொஞ்சம் இறுகிப்போனாலும் அந்த நிலை குலையும். தலையைத் திருப்பிப் பின்னால் வருபவரைப் பார்க்க முடியாது. விழும்போது உடலைச் சுருட்டி உருள முடியாது. குளம்புகளுக்கு நடுவே உருள்வதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. பின்காயின் விஷயத்தில் மருத்துவர்கள் பறித்தது இன்னும் சில வெற்றிகளை அல்ல. பாதுகாப்பாக விழ முடியாத ஒருவரை அவர்கள் குதிரையிலிருந்து இறக்கினார்கள்.

அதே சமயம், தடுப்பதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் பந்தய நிர்வாகங்களோடு எனக்குச் சண்டை உண்டு. 1963 டிசம்பரில் டிம் புரூக்‌ஷா, 1964 கிராண்ட் நேஷனலில் பேடி ஃபாரல் என்ற இரு ஜாக்கிகள் அடுத்தடுத்து விழுந்து முடங்கியபோது, அவர்களுக்கென்று சொல்லும்படியான எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. அந்த வெட்கத்திலிருந்துதான் பிரிட்டனில் காயமுற்ற ஜாக்கிகள் நிதி பிறந்தது. இன்று லாம்பர்ன், மால்டன், நியூமார்க்கெட் ஆகிய மூன்று ஊர்களில் அதன் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. இயன்முறை மருத்துவம், மனநல உதவி, வேறு வேலைக்கான வழிகாட்டல் எல்லாம் அங்கே கிடைக்கின்றன. அமெரிக்காவில் நிரந்தரமாக முடங்கிய ஜாக்கிகளுக்கான நிதி 2006இல்தான் உருவானது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஜாக்கிகளைச் சேர்த்துக்கொள்வது அங்கே சில மாநிலங்களில் மட்டுமே. ஒரு மாநிலத்தில் விழுந்தவருக்குக் கிடைப்பது அடுத்த மாநிலத்தில் விழுந்தவருக்குக் கிடைப்பதில்லை. இரண்டு பேரும் ஓட்டியது ஒரே வகைக் குதிரை, பந்தயம் பார்த்தவர்கள் கட்டிய பணமும் ஒரே பணம்.

'ஏறாதே' என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் அதே தாளில், ஏறாத வாரங்களுக்கு அவருடைய வீட்டுக்கு எவ்வளவு போகும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தொகை, சவாரி செய்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதற்கு நெருக்கமாக இருந்தால், தலைக்காயத்தை மறைக்கும் இளம் ஜாக்கிகளின் எண்ணிக்கை குறையும். பந்தயத்தில் புழங்கும் பணத்தைப் பார்க்கும்போது அது தாங்க முடியாத செலவு அல்ல. நீங்கள் ஜாக்கியின் உரிமைக்காகக் குரல் கொடுக்க நினைத்தால், இந்த உரிமைக்காகக் கொடுங்கள். நானும் உங்களோடு நிற்கிறேன்.

அன்புடன்.