1 வெள்ளி கிளினிக், 65 வெள்ளி நஷ்டம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் டிரெசராக (தோட்ட மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

கே: ஐயா, அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். அப்படியும் நம் ஆட்கள் கால் புண் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். அலட்சியம்தானே?

ப: அலட்சியம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம், தம்பி. கணக்கைப் பாருங்கள். 2025-லிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. மாதம் 26 நாள் வேலை என்றால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரை வாங்கப் போகிறவருக்குப் பெரும்பாலும் எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு கிடைக்காது, வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப்தான். கான்ட்ராக்டரிடம் செம்பனைக் குலை வெட்டுகிறவர் அந்தச் சீட்டை நீட்டினால் சம்பளம் வருமா? ஈப்போ நகரில் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கச் சொன்னால் கட்டணம் 5 வெள்ளி, போக்குவரத்துச் செலவு அதைவிட அதிகம். அதனால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளுகிறார். அதற்குள் இனிப்பு நீரால் கால் மரத்துவிடும். அப்புறம் செம்பனை முள் ஏறினாலும் உறைக்காது. சீழ் வைத்து நாறும்போதுதான் வீட்டில் கவனிப்பார்கள்.

கே: பணக்காரனுக்கும் மாரடைப்பு வருகிறதே, அண்ணே?

ப: வருகிறது, ஆனால் ஒரே அளவில் இல்லை. லண்டனில் அரசாங்க ஊழியர்களை வைத்து 1967-ல் வைட்ஹால் ஆய்வு தொடங்கியது. யாரும் பஞ்சத்தில் இல்லை, எல்லாருக்கும் இலவச வைத்தியம் உண்டு. இருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் மேலதிகாரிகளைப்போல ஏறக்குறைய 3 மடங்கு. புகை, இரத்த அழுத்தம் எல்லாம் சேர்த்தும் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியைத்தான் விளக்க முடிந்தது. தன் வேலை தன் கையில் இல்லாத நிலையும் உடம்பைத் தின்கிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. மண்டோரின் (தோட்டத்து மேற்பார்வையாளரின்) வாயைப் பார்த்தே பிழைத்தவர்களுக்கு இது புதுச் செய்தியா என்ன!

கே: தோட்டத்தைவிட்டு டவுனுக்கு வந்தவர்கள் தேறியிருக்க வேண்டுமே?

ப: சிலர் தேறினார்கள். தோட்டத்து லயத்து வீடு (வரிசை வீடு) ஒழுகினாலும் வாடகை கிடையாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை பக்கத்திலேயே இருந்தது. பிளாட்டில் வாடகை, மோட்டார் தவணை, இரவு ஷிப்ட். பிள்ளையை யாரிடம் விடுவது? அதற்காக லயத்துக்கே திரும்பச் சொல்லவில்லை, அந்தக் கக்கூஸ்களை நான் பார்த்தவன்.

கே: வங்காளதேசத் தொழிலாளிகளுக்கும் 1 வெள்ளிதானா?

ப: இல்லை. அது குடிமக்களுக்கு. அவர்களுக்குப் பல மடங்கு.

கே: எனக்கு 46 வயது. வீட்டுக்காரருக்கு எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க உதவிப் பணம் வருகிறது. நான் எங்கே போய் உடம்பைப் பரிசோதிப்பது?

ப: அம்மா, குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டம் 2019-லிருந்து இருக்கிறது. எஸ்.டி.ஆர். வாங்குபவருக்கும் துணைக்கும் 40 வயதானால் பரிசோதனை இலவசம். பதிவான தனியார் கிளினிக்கிலும் செய்கிறார்கள். வேலை முடிந்து போகிற நேரத்தில் திறந்திருப்பது எது என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டு, இருவரும் ஐ.சி.யோடு (அடையாள அட்டையோடு) சேர்ந்தே போங்கள்.